டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தருவது எப்படி

1

இது கதையாகத் தொடங்கவில்லை. அரைப் பக்கச் சமையல் குறிப்பாகத்தான் தொடங்கியது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்கள் இதழின் ஆசிரியர் தொலைபேசியில் கூப்பிட்டு, "சீனி போடாத கிரனோலா, நம்ம ஊர்ப் பழம், கொட்டை எல்லாம் போட்டு, அரைப் பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். நான் கதை எழுதுகிறவன் என்று நினைவூட்டினேன். "கதையை யாரு படிக்கிறா? இதையாவது படிப்பாங்க லா" என்றார். மறுக்க வாய் வரவில்லை.

எனக்குச் சமைக்கத் தெரியாது. ஆனால் பிரிக்பீல்ட்ஸில் நான் இருக்கும் அடுக்குமாடியில், எனக்கு மேல்மாடியில், ஓட்ஸும் கொட்டையும் சேர்த்துச் சுட்டெடுக்கும் அந்தக் காலைப் பண்டத்தைச் செய்கிற ஒருவர் இருந்தார். அவர் கொடுத்த சிவப்பு மூடி டப்பா ஒன்று காலியாகி நெடுநாளாக என் மேசை மேல் கிடந்தது. (டப்பாவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம்தான் கொடுக்கப்போகிறேன்.) போய்க் குறிப்புக் கேட்க வேண்டும் என்று நான் சோம்பிக்கொண்டிருந்தபோது அவரே என் கதவைத் தட்டினார். குறிப்புக் கிடைத்தது. கூடவே கிடைத்தது அரைப் பக்கத்தில் அடங்கவில்லை.

எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரை மாத்தி எழுதுங்கோ" என்றார். பிரேமினி என்ற பெயரை அவரே தேர்ந்தெடுத்தார். பள்ளிக்கூடத்தில் அந்தப் பெயருள்ள ஒருத்தியை அவருக்குப் பிடிக்காதாம்.

2

தொடக்கம் ஒன்று: "பிரிக்பீல்ட்ஸ் மெல்லக் கண்விழித்தது. பூமாலைக் கடைகளில்—"

வேண்டாம். பிரிக்பீல்ட்ஸைப் பற்றி எழுதுகிற எல்லோரும் பூமாலைக் கடையில்தான் தொடங்குகிறார்கள். பிரேமினி அந்தப் பக்கம் போவதே இல்லை. கார் நிறுத்த இடம் கிடைக்காது.

தொடக்கம் இரண்டு: "ஓட்ஸ் பொன்னிறமாக வறுபட்டு, வீடெங்கும்—"

சமையல் குறிப்புகளில் எல்லாமே பொன்னிறமாகத்தான் வரும். அவருடைய முதல் தட்டு கறுப்பாக வந்தது.

தொடக்கம் மூன்று, இதுவே நிற்கட்டும்: இந்தக் கதையில் ஆபத்தில் இருப்பது ஒரு கால்விரல்.

விரல் கேதீஸ்வரனுடையது. பிரேமினியின் கணவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி மலேசியாவை நடந்தே அளந்ததாக அவரே சொல்லுவார். அவ்வளவு நடந்த காலைப் புதுச் செருப்பு ஒன்று கடித்துவிட்டது. இடது காலில், பெருவிரலுக்கு அடுத்த விரல். புண் ஆறவில்லை. இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, உள்ளவருக்கு ஆறாத புண் என்றால் என்னவென்று இந்த நாட்டில் எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் விளக்கத் தேவையில்லை. மருத்துவர் கணினியைப் பார்த்தபடியே சொன்னார்: மூன்று மாதத்தில் இரத்தத்தில் சீனியைக் கீழே கொண்டுவந்தால் புண் ஆறும். இல்லாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும். விரலோடு நின்றால் நல்லது.

பிரேமினி கிள்ளானில் ஒரு தனியார் கல்லூரியில் நூலகர். தினமும் ரயிலில் போய் வருகிறவர். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அன்றே வீட்டிலிருந்த சீனி, நாட்டுச் சர்க்கரை, தேன், கிரீம் பிஸ்கட் எல்லாவற்றையும் பையில் கட்டிக் காவலாளியிடம் கொடுத்துவிட்டார். கேதீஸ்வரன் அந்தப் பையைப் பார்த்த பார்வை, பிள்ளைகளை மெல்பர்னுக்கு விமானம் ஏற்றிய அன்றுகூட அவர் முகத்தில் இருந்ததில்லை.

வெளியே யாருக்கும் சொல்லவில்லை. பிரேமினியின் குடும்பத்தில் வருத்தம், அதாவது நோய், வந்தால் கதவைச் சாத்திக்கொள்வார்கள்; மூன்று தலைமுறையாக அரசாங்க வேலை, மூன்று தலைமுறையாக வெள்ளைச் சட்டை, இதில் ஆறாத புண்ணை எங்கே வைப்பது? அடுக்குமாடியில் கேட்டவர்களிடமெல்லாம் "கால் சுளுக்கிப் போச்சு" என்றார்.*

* அவ்வளவு நாள் நீடித்த சுளுக்கு மருத்துவ வரலாற்றிலேயே இல்லை. ஆனால் பிரேமினி சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. நூலகர்களுக்கு அந்தக் குரல் உண்டு.

3

கிரனோலா ஒரு ஆங்கில இதழிலிருந்து வந்தது. கல்லூரி நூலகத்துக்கு வந்து யாரும் பிரிக்காமல் கிடந்த இதழ். அதில் சொல்லியிருந்த பாகும் பெர்ரிகளும் பிரேமினிக்கு ஒத்துவரவில்லை. செலாயாங் மொத்தச் சந்தைக்குப் போய்ப் பலாவும் மாம்பழமும் அன்னாசியும் கொய்யாவும் வாங்கினார். கடையில் விற்கிற காய்ந்த பழத்தில் சீனி பூசியிருக்கும் என்பதால் தானே மெல்லிசாக அரிந்து, ஓவனைக் குறைந்த சூட்டில் வைத்து, கதவிடுக்கில் ஒரு மரக்கரண்டியைச் செருகி, நாள் முழுக்க உலர்த்தினார்.

மற்றது சுலபம். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்தை மசித்து, அடித்த முட்டை வெள்ளை, கொஞ்சம் தேங்காயெண்ணெய், கறுவாப்பட்டைத் தூள், ஒரு சிட்டிகை உப்பு சேர்க்க வேண்டும். அதில் ஓட்ஸ், பாதாம், முந்திரி, பூசணி விதை, தேங்காய்ச் சீவல் எல்லாவற்றையும் பிசறி, தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் அழுத்தி, மெதுவான சூட்டில் வேகவிட வேண்டும். வேகும்போது கிளறக் கூடாது. கிளறினால் கட்டி கட்டியாக வராது. ஆறின பிறகு பழத்தைச் சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட வேண்டும். இந்த ஊர் ஈரத்தில் திறந்து வைத்தால் மறுநாளே நமுத்துவிடும். பழமும் இனிப்புத்தான் என்பதால் இனிப்பு நீர்க்காரர் ஒரு கைப்பிடியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

(இதழாசிரியருக்கு: நீங்கள் கேட்டது மேலே உள்ள பத்தி. இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.)

கேதீஸ்வரன் கிண்ணத்தைப் பார்த்தார்.

"என்ன இது?"

"கிரனோலா."

"குதிரைக்கோ?"

"உங்களுக்குத்தான். சீனி இல்லை."

"எனக்கு மட்டுமோ? வருத்தக்காரன் எண்டு எனக்கு மட்டும் ஒரு தனிச் சாப்பாடோ? இந்த பில்டிங்கில எல்லாரும் சாப்பிடட்டும், நானும் சாப்பிடுறன்."

தப்பிக்கத்தான் அப்படிச் சொன்னார். ஆனால் பிரேமினி சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்கிறவர். தீபாவளிப் பலகாரத்துக்கு வாங்கிய சிவப்பு மூடி டப்பாக்களை எல்லாம் பரணிலிருந்து இறக்கினார். அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் எதிர்வீட்டு உஷாராணி, கீழே லோரி ஓட்டி ஓய்ந்த தம்புசாமி, நான், இன்னும் கதவு திறந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு டப்பா.

"எல்லாரும் சாப்பிடினம்" என்று வந்து சொன்னார். கேதீஸ்வரன் கரண்டியை எடுத்தார்.

4

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். தெரிந்தவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம்.

நம்மவர்கள் அடுத்த வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். பலகாரம் இருந்தால் பலகாரம், பழம் இருந்தால் பழம். ஒன்றுமே இல்லையென்றால் ஒரு பிடி சீனி. சீனி எல்லா வீட்டிலும் இருக்கும், கெட்டுப் போகாது, மங்கலம், யாரும் வேண்டாமென்று சொல்லமாட்டார்கள். பிரேமினியும் வாழ்நாளெல்லாம் அப்படித்தான் செய்திருக்கிறார். ஆனால் டப்பாக்களைக் கொடுத்தபோது இது அவர் நினைப்பிலேயே இல்லை. என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

டப்பாக்கள் வாரநாட்களில், பகலில் திரும்பி வந்தன. துப்பறியும் கதை எழுதுகிறவர் அடுத்த வாக்கியத்தைக் கடைசிவரை ஒளித்துவைப்பார். எனக்கு அந்தப் பொறுமை இல்லை: பகலில் வீட்டில் இருந்துகொண்டு டப்பாக்களை வாங்கியவர் கேதீஸ்வரன்.

சாயங்காலம் பிரேமினி வரும்போது டப்பாக்கள் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் ஒரு கோப்பை கழுவிப் பார்த்ததில்லை.

"எல்லாரும் குடுத்திட்டினமோ?"

"குடுத்திட்டினம். நல்லா இருக்காம். இன்னும் செய்யச் சொல்லினம்."

பிரேமினிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அடுத்த வாரம் இரண்டு தட்டு செய்தார்.

5

இடையில் ஒரு தடவை இரத்தம் பார்த்தார்கள். சீனி ஏறியிருந்தது.

பிரேமினி வேறு யாரையும் சந்தேகப்படவில்லை. தன் கிரனோலாவைத்தான் சந்தேகப்பட்டார். முதலில் பலாவை எடுத்தார். அப்புறம் மாம்பழத்தை, அதற்கப்புறம் அன்னாசியையும் கொய்யாவையும். கிளினிக்கில் மறுபடி பார்த்தார்கள், இன்னும் ஏறியிருந்தது. வாழைப்பழத்தையும் எடுத்தார். எடுத்ததும் ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் மணல் போல உதிர்ந்தது. கடைசியில் ஓட்ஸும் கொட்டையும் உப்பும்தான் மிச்சம். தம்புசாமியின் டப்பாவிலிருந்து ஒரு பிடி நான் தின்று பார்த்திருக்கிறேன். சத்தம் மட்டும்தான் இருந்தது, ருசி இல்லை.

ஒவ்வொன்றாக எடுக்க எடுக்க கேதீஸ்வரன் அதிகமாகப் பாராட்டினார். "இப்பதான் சரியான ருசி வந்திருக்கு" என்றார். அந்த உற்சாகத்தைப் பிரேமினி வேறு விதமாக எடுத்துக்கொண்டார். பாவம், தன் மனம் நோகக் கூடாதென்று இப்படிச் சொல்கிறார் என்று நினைத்தார். கிள்ளான் ரயிலில் புத்தகம் மடியில் இருக்க, ஒரு வரி ஓடாது. என் கையால்தான் அவருடைய விரல் போகப்போகிறது என்ற ஒரே நினைப்பு. ஒருநாள் ஷா ஆலம் தாண்டும்போது அழுதுவிட்டார். எதிரே இருந்த பெண் ஒரு டிஷ்யூப் பாக்கெட்டை நீட்டினாள்.

(எழுதுகிறவனின் சந்தேகம்: இந்தக் கேதீஸ்வரனை என்ன செய்வது? மனைவி இப்படி வாடுவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற மனிதனை வாசகர் வெறுத்துவிடுவார். இரண்டாவது வரைவில் அவரைக் கொஞ்சம் நல்லவராக்கப் பார்த்தேன். "பகலில் தனியே இருக்கும்போது கேதீஸ்வரன் குற்ற உணர்வால்—" என்று எழுதி அழித்துவிட்டேன். பகலில் தனியே இருக்கும்போது அவர் கோப்பி குடித்தார். சீனி போட்டு.)

6

ஒருநாள் பிரேமினி லிஃப்டில் உஷாராணியைச் சந்தித்தார். உஷாராணி ஒரு பல் மருத்துவ நிலையத்தில் வரவேற்பாளர். யாரையும் பேசாமல் விடமாட்டாள்.

"ஆன்டி, அங்கிள் கால் எப்படி இருக்கு?"

"பரவாயில்லை. சுளுக்குத்தானே."

"உங்க கிரனோலா எங்க வீட்டுல எல்லாருக்கும் பிடிச்சிருக்கு ஆன்டி. டப்பால போட்டுக் குடுக்கவே நான் தனியா ஒரு பெரிய பாக்கெட் வாங்கி வச்சிட்டேன் லா."

"என்ன பாக்கெட்?"

"சீனி, ஆன்டி. மொத வாட்டி ஆரஞ்சுதான் போட்டுக் குடுத்தேன். அங்கிள்தான் சொன்னாரு, பழமெல்லாம் எதுக்கும்மா செலவு, சீனி போதும், சாமிக்கு வைக்கலாம்னு. சரி, சாமிக்குன்னா நல்லதுதானே? கீழ தம்புசாமி அண்ணங்கிட்டயும் சொல்லிட்டேன். எல்லாரும் சீனிதான் குடுக்கிறோம்."

லிஃப்ட் அவர்கள் மாடியில் நின்றது. உஷாராணி "போயிட்டு வரேன் ஆன்டி" என்று இறங்கினாள். பிரேமினி இறங்கவில்லை. கதவு மூடிக்கொண்டு லிஃப்ட் அவரை மறுபடியும் கீழே, கார் நிறுத்துமிடம் வரை கொண்டுபோனது. அங்கே யாரும் ஏறவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவரே பொத்தானை அழுத்தினார்.

7

அந்த வீட்டில் சாமியறை என்று தனியாக இல்லை. வரவேற்பறை மூலையில் ஒரு அலமாரி. ஓய்வு பெற்ற பிறகு பூசை கேதீஸ்வரனின் பொறுப்பு. பிள்ளையாருக்கு முன்னால் மூடி போட்ட எவர்சில்வர் பாத்திரம் ஒன்று இருந்தது. கற்கண்டோ திருநீறோ இருக்கும் என்று பிரேமினி நினைத்திருந்தார். தினமும் காலையில் ரயிலுக்குப் போகுமுன் அந்தப் பாத்திரத்துக்கு முன்னால்தான் கை கூப்பி நிற்பார். விரலைக் காப்பாற்று என்றுதான் கேட்பார்.

செருப்பைக் கழற்றாமலே போய் மூடியைத் திறந்தார். விளிம்புவரை சீனி. நடுவில் ஒரு கோப்பிக் கரண்டி நின்றது.

கேதீஸ்வரன் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"இது என்ன?"

"பிரசாதம்."

"கரண்டி ஏன்?"

அவர் நீட்டிய காலை மடக்கப் பார்த்தார்.

"நான் பலாவை எடுத்தன். வாழைப்பழத்தை எடுத்தன்" என்றார் பிரேமினி. குரல் உயரவில்லை. "என்ர கையாலதான் உங்களுக்கு நஞ்சு தாறன் எண்டு ட்ரெயின்ல அழுதுகொண்டு போனன். நீங்கள் இதைக் குடிச்சுப்போட்டு, நல்ல ருசி எண்டு சொன்னீங்கள்."

கேதீஸ்வரன் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணர் சீனி தொடேல்ல, பிரேமி." காப்பாரில் வாழ்ந்து இறந்த தன் தமையன் சண்முகரத்தினத்தைச் சொன்னார். "டொக்டர் சொன்ன நாளிலயிருந்து ஒரு துளி தொடேல்ல. முதல் விரல் போச்சு. பிறகு பாதம். பிறகு முழங்காலோட எடுத்தவங்கள். கடைசியில ஒரு கோப்பி கேட்டவர், சீனி போட்டு. நான் குடுக்கேல்ல. டொக்டர் வேண்டாமெண்டவர் எண்டு குடுக்கேல்ல." சற்று நிறுத்தினார். "போறது போகத்தான் போகுது. கோப்பியையும் விட்டிட்டுப் போகவேணுமோ?"

பிரேமினி தரையில் உட்கார்ந்தார். அவருக்குக் கோபம் இருந்தது. ஆனால் அதைவிடப் பெரிய ஒன்று அந்த அறையில் இருந்தது, அது இப்போதுதான் அவர் கண்ணுக்குப் பட்டது.

"பயமா இருக்கோ?"

"ஓம்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே."

"நீர் எல்லாருக்கும் சுளுக்கு எண்டு சொல்லிப்போட்டீர்" என்றார் கேதீஸ்வரன். "நானும் அதையே நம்பிப் பாத்தன்."

8

இனி முடிவு. மூன்று எழுதிப் பார்த்தேன்.

அ. பிரேமினி சீனியைத் தூக்கிக் குப்பையில் கொட்டுகிறார். (மாட்டார். சாமிக்கு வைத்தது.)

ஆ. கேதீஸ்வரன் அன்றோடு திருந்துகிறார். சீனி இறங்குகிறது. மருத்துவர் எழுந்து கை குலுக்குகிறார். (இதழாசிரியருக்கு இதுதான் பிடிக்கும். எழுந்து கை குலுக்கிய மருத்துவரை நான் இன்னும் பார்க்கவில்லை.)

இ. "அன்றிரவு அவர்கள் இருவரும்—" (இதை எப்படித் தொடர நினைத்தேன் என்று எனக்கே மறந்துவிட்டது.)

உண்மையில் நடந்தது வேறு. அடுத்த சனிக்கிழமை பிரேமினி டப்பா இல்லாமல், வெறுங்கையோடு, வீடு வீடாக இறங்கி வந்தார். ஒவ்வொரு கதவிலும் ஒரே பேச்சு: "அவருக்குச் சுளுக்கு இல்லை. இனிப்பு நீர். கால்விரலை எடுக்கப் பாக்கினம். இனி டப்பாவில ஒண்டும் போடாதேங்கோ. வெறுமையாத் தாங்கோ."

சொல்லுவதற்கு இவ்வளவுதான். ஆனால் முதல் கதவில் அவருக்கு வாயே திறக்கவில்லை. உஷாராணி தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தாளாம். கேட்டு முடித்ததும் அவள்தான் அழுதாள், பாக்கெட்டுக் கணக்கில் ஊட்டிவிட்டேனே என்று. தம்புசாமி அழவில்லை. கைலியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். இரண்டு விரல் இல்லை.

"எல்லார்ட்டயும் லோரி கதவுல மாட்டிக்கிச்சின்னு சொல்லி வச்சிருக்கேன்" என்றார். "நீங்களும் அப்படியே சொல்லிக்குங்கம்மா."

கடைசியாக என் வீடு. டப்பாவைத் திருப்பித் தராத ஒரே ஆள் நான். அதாவது கேதீஸ்வரனின் விரலுக்கு அந்தக் கட்டடத்தில் தீங்கு செய்யாத ஒரே ஆள். காரணம் நல்ல குணம் இல்லை, சோம்பல். பிரேமினி என் நாற்காலியில் உட்கார்ந்து முழுதையும் சொன்னார், குறிப்பு உட்பட. வாழைப்பழத்தை மறுபடி சேர்த்துவிட்டாராம். பாத்திரத்துச் சீனி கோயிலுக்குப் போய்விட்டதாம். யார் எடுத்துப் போனது என்று கேட்டேன்.

"அவர்தான் நடந்து போனவர்" என்றார். அவ்வளவு தூரம் அந்தக் காலோடு நடந்திருக்கக் கூடாது என்று திட்டினாரா, திட்டவில்லையா என்று சொல்லவில்லை.

போகும்போது மேசையைக் காட்டி, "அந்த டப்பா, தம்பி. நாளைக்குத் தாங்கோ. ஒண்டும் போடாதேங்கோ" என்றார். "சரி ஆன்டி" என்றேன்.

9

நாளை என்பது பல நாளாகிவிட்டது. மருத்துவர் சொன்ன மூன்று மாதக் கெடு போன வாரம் முடிந்தது. அவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்துவிட்டார்கள் என்று காவலாளி சொன்னான். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. லிஃப்டில் அவர்களைச் சந்திக்காமலிருக்கப் படிக்கட்டில் ஏறி இறங்குகிறேன்.

இன்று டப்பாவைக் கழுவித் துடைத்தேன். துடைத்து முடித்த கை தானாகவே சீனிப் போத்தலுக்குப் போனது. கையைப் பிடித்து இழுத்துவந்து மறுபடி மேசையில் உட்காரவைத்தேன். எங்கள் வீட்டில் யாரும் இதுவரை வெறும் டப்பாவைத் திருப்பித் தந்ததில்லை. எப்படிப் பிடித்துக்கொண்டு போவது என்றே எனக்குத் தெரியவில்லை.

தவிர, இதை எழுதிக்கொண்டிருக்கிறவன் மேசையை விட்டு எழுந்தால் கதை நின்றுவிடும். ஆகவே நீங்கள் போய்விட்டு வாருங்கள். டப்பா இதோ. ஒரு மாடிதான், படியிலேயே ஏறலாம்.

மணியை அழுத்தினால் உள்ளேயிருந்து கேதீஸ்வரனின் செருப்பு இழுபடும் சத்தம் வரும். வீட்டுக்குள்ளும் செருப்புப் போடச் சொல்லியிருக்கிறார்கள். காலில் ஐந்து விரலா நான்கா என்று அந்தச் சத்தத்தில் தெரியாது. நான் இங்கிருந்து தினமும் கேட்டுப் பார்க்கிறேன். கதவு திறந்ததும் உங்கள் கண் கீழேதான் போகும். போகவிடாதீர்கள். முகத்தைப் பாருங்கள், டப்பாவைக் கொடுங்கள். அவர் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். உள்ளே ஒன்றும் இருக்காது.

அப்போது அவர் என்ன சொல்கிறார் என்று மட்டும் வந்து சொல்லுங்கள். காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.